எச்பிவி கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல்களில் டமாக்சிஃபென்: செல் சாகிறது சரி, ஹார்மோன் தடைபட்டதால்தான் சாகிறதா?

#1 தேன்மொழி_வாஷி

எல்லாருக்கும் வணக்கம். திட்டப்பணிக்கான கேள்வி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல் வகைகளான ஹீலா, சிஹா, சி33ஏ மூன்றிலும், மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் தடுப்பு மருந்தான டமாக்சிஃபென் சிட்ரேட், 1 முதல் 50 மைக்ரோமோலார் வரை, 72 மணி நேரம், முடிவில் எம்டிடி (உயிருள்ள செல்லை அளக்கும் சாயச் சோதனை). மீடியம், அதாவது செல் வளரும் திரவம், வழக்கமான சிவப்பு டிஎம்இஎம், 10 சதவீத எஃப்பிஎஸ் (மாட்டுக் கன்றுச் சீரம்). 5 வரை ஒன்றும் ஆகவில்லை. 10-இல் ஆட்டம் காண்கிறது, 20-இல் ஏறக்குறைய எல்லாம் காலி. மூன்று செல்லின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிகிறது.

"ஈஸ்ட்ரோஜன் தடுப்பு மருந்து எச்பிவி சார்ந்த புற்றுச் செல்லைக் கொல்கிறது" என்று முடிவு எழுதலாமா?

#2 பிப்பெட்_பாண்டியன்

எழுதக் கூடாது. சி33ஏ-வில் எச்பிவியே கிடையாதே. அதுவும் அதே கோட்டில்தான் சாகிறது என்றால், வைரஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று உங்கள் படமே சொல்கிறது.

#3 கதிர்_கார்கர்

பாண்டியன் அண்ணன் பாதியைச் சொல்லிவிட்டார். மீதிப் பாதி ஹார்மோன்.

டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மறிப்பதற்கு 10 மைக்ரோமோலார் தேவையில்லை. அதன் செயல்வடிவமான 4-ஹைட்ராக்சிடமாக்சிஃபென் நானோமோலார் அளவிலேயே ஏற்பியில் உட்கார்ந்துவிடும். தினம் 20 மில்லிகிராம் சாப்பிடுபவரின் ரத்தத்தில் டமாக்சிஃபென் சுமார் 0.3 மைக்ரோமோலார், அதிலும் பெரும்பங்கு புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 5-ஐத் தாண்டினால் அது வேறு மருந்து. கொழுப்பில் கரையும், நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு. லைசோசோமில் போய்க் குவியும், சவ்வைக் குலைக்கும், புரோட்டீன் கைனேஸ் சி-யைத் தடுக்கும். ஏற்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தச் செல்லும் அந்த அளவில் சாகும். மூன்று கோடும் ஒன்றாகப் படிவது அதனால்தான்.

அடுத்தது, ஹீலாவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா (ஏற்பியின் ஒரு வகை; மற்றது பீட்டா) என்ன அளவில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? அந்தச் செல்லை ஏற்பி இல்லாத வெற்றுப் பலகையாக வைத்து, வெளியிலிருந்து ஏற்பியின் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் செலுத்தி, அது முடுக்கும் குறியீட்டு மரபணுவை அளப்பது 1980களிலிருந்தே வழக்கம். பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி போட்டுப் பார்த்தது போல ஆகிவிடக் கூடாது. சிஹா, காஸ்கி (எச்பிவி உள்ள இன்னொரு செல் வகை) பற்றி ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொன்று சொல்லும். கையில் இருக்கும் குடுவையை நீங்களே பிளாட் (புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டுப் பார்ப்பதுதான் வழி.

#4 தேன்மொழி_வாஷி

பிளாட்டுக்கு எது கட்டுப்பாடு? ஆய்வகத்தில் பீட்டா ஏற்பியின் ஆன்டிபாடிதான் இருக்கிறது. அதை வைத்துத் தொடங்கட்டுமா?

#5 வாசுகி

அதைத் தொடாதீர்கள். பீட்டா ஏற்பிக்கு விற்பனையாகும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை பீட்டாவைப் பிடிப்பதே இல்லை என்று 2017-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்தது. சோதித்த 13-இல் பிபிஇசட்0506 என்ற ஒன்றே ஒன்று தேறியது. அதற்கு முன் வந்த பாதிக் கட்டுரைகளை அந்தக் கண்ணாடியோடுதான் படிக்க வேண்டும்.

ஆல்ஃபாவில் தொடங்குங்கள். 66 கிலோடால்டன். ஏற்பி நிறைய உள்ள மார்பகப் புற்றுச் செல்லான எம்சிஎஃப்-7-இன் லைசேட் (உடைத்த செல்லின் சாறு) ஒரு லேன், எம்சிஎஃப்-7-க்கு ஃபுல்வெஸ்ட்ரன்ட் 100 நானோமோலார் 24 மணி நேரம் கொடுத்தது ஒரு லேன். ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஏற்பியைச் சிதைத்துவிடும், ஆகவே இரண்டாவது லேனில் பட்டை மங்க வேண்டும். மங்காத பட்டை ஏற்பி அல்ல. அதன் பக்கத்தில் ஹீலா, சிஹா, காஸ்கி, சி33ஏ. ஒவ்வொன்றிலும் 40 முதல் 50 மைக்ரோகிராம் புரதம். எம்சிஎஃப்-7-ஐ மட்டும் 10 மைக்ரோகிராமுக்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் அதன் ஒளி பக்கத்து லேனில் சிந்தி, சிஹாவிலும் ஏற்பி இருப்பதாகக் கண்ணைக் கட்டும்.

36 கிலோடால்டனில் ஒரு குட்டி வடிவமும் உண்டு. ஜெல்லை அதற்குக் கீழே வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

#6 சயான்_ஸ்டேஷன்

கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன். டமாக்சிஃபென் திசுக்களில் ரத்தத்தைவிடப் பல மடங்கு சேர்கிறது. மூளைக் கட்டியில் புரோட்டீன் கைனேஸ் சி-யைக் குறிவைத்து, மார்பகப் புற்றுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு அளவில் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்குச் செல் செத்தால் போதும். எந்த வழியில் செத்தால் என்ன? பழைய மருந்து, மலிவு, பாதுகாப்புத் தரவு கைவசம்.

#7 கதிர்_கார்கர்

சயான் சார், அந்த வழியில் போகலாம், தடையில்லை. ஆனால் தலைப்பில் "ஹார்மோன்" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் போக வேண்டும். பாதுகாப்புத் தரவு என்று சொல்வது 20 மில்லிகிராமுக்கு உள்ளது; 10 மைக்ரோமோலாருக்கு அது செல்லாது. கர்ப்பப்பை வாய்ப் புற்று நோயாளிகளிடமே டமாக்சிஃபெனை அமெரிக்காவின் ஜிஓஜி என்ற மகளிர் புற்றுநோய் ஆய்வுக் குழு இரண்டாம் கட்ட ஆய்வில் பார்த்துவிட்டது. மீண்டும் வந்த, செதிள் வகை அல்லாத புற்றுகளில். பலன் மிகச் சொற்பம்.

#8 பிப்பெட்_பாண்டியன்

தேன்மொழி, சிவப்பு மீடியத்தை இன்னும் யாரும் தொடவில்லை. அதிலுள்ள சிவப்புச் சாயமான ஃபீனால் ரெட் ஒரு மெல்லிய ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும், 1986-லேயே காட்டிவிட்டார்கள். அதோடு 10 சதவீத எஃப்பிஎஸ்-இல் மாட்டுக் கன்றின் ஈஸ்ட்ரடியால், புரோஜெஸ்ட்ரோன், கார்ட்டிசால் எல்லாம் இருக்கிறது. விளக்கு ஏற்கெனவே எரிகிற அறையில் சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறீர்கள்.

ஃபீனால் ரெட் இல்லாத மீடியம், கரித்தூளில் கழுவிய சீரம் 5 சதவீதம், மருந்து போடுவதற்கு முன் மூன்று நாள் அதிலேயே பட்டினி. கழுவிய சீரம் வாங்கினால் விலை கையைக் கடிக்கும். ஆய்வகத்திலேயே செய்யலாம்:

10 மில்லிமோலார் ஹெப்பிஸ், பிஎச் 7.4, 0.25 மோலார் சுக்ரோஸ், 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு. இந்தக் கரைசலில் கரித்தூள் 0.25 சதவீதம், டெக்ஸ்ட்ரான் டி-70 0.0025 சதவீதம். இரவு முழுக்க 4 டிகிரியில் கலங்க விடுங்கள். மறுநாள், கழுவப்போகும் சீரம் எவ்வளவோ அதே கன அளவு கரிக்கரைசலைச் சுழற்றி, மேல் திரவத்தைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய கரியில் சீரத்தை ஊற்றிக் கலக்குங்கள். 4 டிகிரியில் 12 மணி நேரம். சுழற்றிப் பிரித்து, புதுக் கரியில் இன்னொரு முறை. கடைசியில் 0.45, அதன்பின் 0.22 மைக்ரான் வடிகட்டி. நேராக 0.22-க்குப் போனால் கரித்துகள் அடைத்து, சீரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். வடிகட்டிக்கான காசும் போச்சு.

எல்லாத் தொகுதியும் ஒரே பாட்டில் சீரத்திலிருந்து இருக்கட்டும். கரி தைராய்டு ஹார்மோனையும் சில வைட்டமின்களையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். செல் மெதுவாகத்தான் வளரும். அதைப் பார்த்து மருந்தின் விளைவு என்று மயங்கவேண்டாம். அதற்குத்தான் கரைப்பான் மட்டும் போட்ட வெல் (தட்டின் குழி).

#9 வாசுகி

பாண்டியன் சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. எச்பிவி செல்லில் மட்டும் வரும் கண்ணி அது.

வைரஸின் புற்றாக்கும் மரபணுக்களான இ6, இ7-ஐ முடுக்குவது எல்சிஆர் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி. அதில் குளூக்கோகார்ட்டிகாய்டு, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள் வந்து உட்கார்வதற்கான இடங்கள் உண்டு. எச்பிவி16-இல் (சிஹா, காஸ்கியில் உள்ள வகை) அப்படி மூன்று. எச்பிவி18-இலும் (ஹீலாவில் உள்ள வகை) உண்டு. டெக்சாமெத்தசோன் என்ற செயற்கைக் குளூக்கோகார்ட்டிகாய்டு கொடுத்தால் 16-இன் எல்சிஆர் எழும்பும் என்பது 1987-லிருந்து தெரிந்த விஷயம். ஆகவே சீரத்தைக் கரியில் கழுவிய உடனேயே, எந்த மருந்தும் போடாமலே, சிஹாவில் இ6/இ7-இன் அடிமட்டம் மாறிவிடலாம். காரணம் ஈஸ்ட்ரோஜன் போனதாக இருக்காது, உடலின் குளூக்கோகார்ட்டிகாய்டான கார்ட்டிசால் போனதாக இருக்கும்.

இதைப் பிரிக்க எளிய வழி: கழுவிய சீரத்தில் ஒரு வரிசைக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலேதான்) 100 நானோமோலார் திரும்பச் சேருங்கள். இ6/இ7 பழைய நிலைக்கு ஏறினால் வித்தியாசம் குளூக்கோகார்ட்டிகாய்டால் வந்தது.

உண்மையில் "ஹார்மோன் தடுப்பு" என்று எச்பிவி செல்லில் பார்ப்பதானால் மிஃபெப்ரிஸ்டோன்தான் சுவாரசியமான மருந்து. ஆர்யு486. அது புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியையும் குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியையும் மறிக்கும். எச்பிவி16 டிஎன்ஏ எலிச் செல்லை உருமாற்றுவதற்கு டெக்சாமெத்தசோன் தேவை, ஆர்யு486 அதைத் தடுக்கிறது என்று பாட்டர் குழு காட்டியிருக்கிறது. ஹீலாவில் குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி தாராளமாக இருக்கிறது. இங்கே பூட்டு உண்டு, சாவியும் உண்டு.

#10 சயான்_ஸ்டேஷன்

ஆனால் மிஃபெப்ரிஸ்டோனைத் தனியாகப் போட்டால் ஒன்றும் தெரியாதே?

#11 வாசுகி

ஆம். தடுக்க ஏதாவது இருந்தால்தானே தடுப்பு தெரியும். நான்கு நிலைகள் வேண்டும்: கரைப்பான் மட்டும், டெக்சாமெத்தசோன் 100 நானோமோலார், மிஃபெப்ரிஸ்டோன் 1 மைக்ரோமோலார், இரண்டும் சேர்த்து (இதில் மிஃபெப்ரிஸ்டோன் ஒரு மணி நேரம் முன்னதாக). இன்னொன்று: கெரட்டினோசைட் வகைச் செல்களை வளர்க்கும் இ-மீடியத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் மில்லிலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் எப்போதும் இருக்கும். கணக்குப் பார்த்தால் 1.1 மைக்ரோமோலார். அந்த மீடியத்தில் 1 மைக்ரோமோலார் மிஃபெப்ரிஸ்டோன் போட்டு எடுத்த எண்ணையும் டிஎம்இஎம்-இல் எடுத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் வைக்காதீர்கள்.

#12 தேன்மொழி_வாஷி

இ6/இ7-ஐ ஆர்டி-பிசிஆரில் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) பார்த்தேன், வாசுகி மேடம். டமாக்சிஃபென் 15 மைக்ரோமோலார், 48 மணி. ஹீலாவில் 70 சதவீதம் குறைந்தது. புற்றைத் தடுக்கும் புரதமான பி53-இன் பட்டையும் ஏறியிருக்கிறது. இது எச்பிவி சார்ந்த விளைவுதானே?

#13 கதிர்_கார்கர்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

இ6/இ7-இன் எம்ஆர்என்ஏ ஆயுள் குறைவு. செல் எந்தக் காரணத்தால் சாகத் தொடங்கினாலும், பொதுவாகப் படியெடுத்தல் தளரும்போது முதலில் விழுவது ஆயுள் குறைந்த ஆர்என்ஏக்கள்தான். 15 மைக்ரோமோலார், 48 மணி என்றால் பாதிச் செல் மிதக்கும். மிச்சமிருப்பதில் எதை அளந்தாலும் இறங்குமுகமாகத்தான் இருக்கும். இ6/இ7 குறைந்ததால் செல் செத்ததா, செல் செத்துக்கொண்டிருப்பதால் இ6/இ7 குறைந்ததா என்று அந்த எண் சொல்லாது.

சரியான இடம்: 90 சதவீதத்துக்கு மேல் செல் உயிரோடு இருக்கும் அளவில், 8 மணி மற்றும் 24 மணியில். பக்கத்தில் ஆயுள் குறைந்த, ஹார்மோனோடு தொடர்பில்லாத செல் மரபணு ஒன்றையும் ஓட்டுங்கள், எம்சிஎல்1 போதும். அதுவும் சேர்ந்து விழுந்தால் இது பொதுவான சரிவு.

பி53-க்கும் இதே கதைதான். ஹீலா, சிஹா, காஸ்கி மூன்றிலும் பி53 மரபணு பழுதில்லாதது. இ6-தான் செல்லின் இ6ஏபி என்ற புரதத்தைப் பிடித்து அதைச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இ6 குறைந்தால் பி53 ஏறும், உண்மை. ஆனால் அழுத்தம் எதுவானாலும் பி53 கொஞ்சம் ஏறலாம். நேர்மறைக் கட்டுப்பாட்டுக்கு, புரதச் சிதைவை நிறுத்தும் எம்ஜி132 10 மைக்ரோமோலார், 4 முதல் 6 மணி. உங்கள் ஏற்றம் அதோடு ஒப்பிட எவ்வளவு என்று பாருங்கள். பி53 முடுக்கும் பி21-உம் கூடவே ஏறுகிறதா என்பதும் முக்கியம். சி33ஏ-வில் பி53 பார்க்க வேண்டாம். அதில் பி53 திரிந்தது, எப்போதும் கொழுத்த பட்டையாகவே இருக்கும். ஆர்பி என்ற இன்னொரு புற்றுத் தடுப்புப் புரதமும் அதில் பழுது. ஆகவே சி33ஏ "எச்பிவி இல்லாத ஹீலா" அல்ல, வேறொரு பிராணி. அதை ஒரே எதிர்மறைக் கட்டுப்பாடாக வைத்து நிற்காதீர்கள். ஹீலாவிலேயே இ6/இ7-ஐ எஸ்ஐஆர்என்ஏ என்ற குட்டி ஆர்என்ஏவால் அடக்கி, அதில் மருந்து போட்டுப் பார்ப்பது மேல்.

#14 பிப்பெட்_பாண்டியன்

பிசிஆர் பற்றி ஒரு வரி. டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டீர்களா? சிஹாவில் வைரஸ் டிஎன்ஏ ஒன்றிரண்டு பிரதிதான். காஸ்கியில் 600 வரை. ஆர்என்ஏவோடு துளி டிஎன்ஏ வந்தாலும் காஸ்கியில் பிசிஆர் அதைத்தான் எண்ணும். இ6-க்குள் இன்ட்ரான் (ஆர்என்ஏவில் வெட்டி எறியப்படும் துண்டு) இருக்கிறது, ஆனால் இ7-க்குள் வைத்த பிரைமருக்கு டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் ஒன்றுதான். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத குழாய் ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டாயம். போட்டதற்கும் போடாததற்கும் இடையே குறைந்தது 7 சைக்கிள் இடைவெளி வேண்டும். இன்னும் நிம்மதி வேண்டுமானால் வெட்டி ஒட்டிய இ6-நட்சத்திர வடிவத்தின் சந்திப்பின் மேலேயே பிரைமரை உட்கார வையுங்கள்: எச்பிவி16-இல் 226-க்கும் 409-க்கும் இடையே, எச்பிவி18-இல் 233-க்கும் 416-க்கும் இடையே. டிஎன்ஏவில் அந்தச் சந்திப்பே கிடையாது.

ஒப்பீட்டு மரபணுவாக ஜிஏபிடிஎச் ஒன்றை மட்டும் நம்பவேண்டாம். ஆர்பிஎல்பி0, டிபிபி இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுங்கள்.

#15 மழைக்காலம்

படித்துக்கொண்டே வந்தேன். மருந்துக் கரைசல் பற்றி யாரும் பேசவில்லையே. ஜூலை மும்பையில் முதலில் கெட்டுப்போவது அதுதான்.

மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பாட்டிலைத் திறந்து பெஞ்சில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது அதில் தண்ணீர் கலந்திருக்கும். ஃபுல்வெஸ்ட்ரன்ட், 4-ஹைட்ராக்சிடமாக்சிஃபென் போன்ற கொழுப்புப் பிரியர்கள் அந்த ஈரத்தில் மெல்லப் படியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாது, அளவு மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும். சிறு ஆம்பூலாக வாங்கி, ஒரே நாளில் 20 மைக்ரோலிட்டர் குழாய்களில் பிரித்து, மைனஸ் 20-இல் வையுங்கள். குழாயை அறை வெப்பநிலைக்கு வந்தபிறகே திறக்க வேண்டும், அதற்கு முன் திறந்தால் உள்ளே பனித்துளி கோக்கும்.

இந்த வேலைக்கு டிஎம்எஸ்ஓவை விட எத்தனால் நல்லது. கணக்கு: 4-ஹைட்ராக்சிடமாக்சிஃபென் மூலக்கூறு எடை 387.5. 5 மில்லிகிராம் புட்டியில் 1.29 மில்லி எத்தனால் ஊற்றினால் 10 மில்லிமோலார். அதிலிருந்து பத்தில் ஒன்றாக எத்தனாலிலேயே இறக்கி 1 மில்லிமோலார், 100 மைக்ரோமோலார், 10 மைக்ரோமோலார். ஒரு மில்லி மீடியத்துக்கு 1 மைக்ரோலிட்டர் போட்டால் முறையே 1 மைக்ரோமோலார், 100, 10 நானோமோலார். எத்தனால் எல்லாவற்றிலும் 0.1 சதவீதம். ஒரே மூலக்கரைசலிலிருந்து வெவ்வேறு அளவு எடுத்துப் போட்டால் எத்தனாலும் கூடவே ஏறும், அதுவே ஒரு மருந்தாகிவிடும். குழாயை அலுமினியத் தாளில் சுற்றுங்கள், வெளிச்சம் ஆகாது.

டமாக்சிஃபென் சிட்ரேட்டின் எடை 563.6, சிட்ரேட் இல்லாததன் எடை 371.5. புட்டியில் எது என்று பார்க்காமல் எடை போட்டால் ஒன்றரை மடங்கு பிசகும்.

டமாக்சிஃபெனுக்குப் பதில் நேராக 4-ஹைட்ராக்சி வடிவத்தையே போடுங்கள். கல்லீரலின் சிஒய்பி2டி6 நொதி செய்யும் வேலையை ஹீலா செய்யாது.

#16 சயான்_ஸ்டேஷன்

பிளாட்டினப் புற்றுமருந்தான சிஸ்பிளாட்டினோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு: சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைக்கக் கூடாது. டிஎம்எஸ்ஓ பிளாட்டினத்தில் போய் ஒட்டிக்கொண்டு குளோரைடைத் தள்ளிவிடும், மருந்து செத்தது. 0.9 சதவீத உப்பு நீரில் 1 மில்லிமோலார், அன்றன்று. டமாக்சிஃபென் குழாயும் எத்தனாலில் இருந்தால் பிரச்சினை இல்லை. "டமாக்சிஃபென் சேர்த்ததும் சிஸ்பிளாட்டின் வேலை செய்யவில்லை, எதிர்மறை விளைவு" என்று வரும் சில படங்களுக்குக் காரணம் டிஎம்எஸ்ஓவாகவே இருக்கலாம்.

#17 பூங்கொடி

நான் ஆய்வகக்காரி இல்லை. ஒரு சந்தேகம்: மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு எச்பிவி சீக்கிரம் போய்விடுமா?

#18 வாசுகி

அப்படி எண்ணுவதற்கு அடிப்படை இல்லை, பூங்கொடி. பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி டிஎன்ஏ சோதனை. டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும், கர்ப்பப்பை உள்வரியிலும் யோனியிலும் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடக்கும். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும், தள்ளிப்போட வேண்டாம்.

மற்றவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். "தடுப்பு மருந்து" என்ற பெயர் திசுவுக்குத் திசு மாறும்.

#19 கதிர்_கார்கர்

அந்தப் புள்ளியிலிருந்து எலிக்குப் போகலாம், ஏனென்றால் ஹார்மோன் கதைக்கு வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது.

எச்பிவி16 மரபணு ஏற்றிய எலிக்கு ஈஸ்ட்ரடியாலைத் தொடர்ந்து கொடுத்தால் கர்ப்பப்பை வாயில் புற்று வரும் என்று 1996-இல் ஆர்பெய்ட், ஹவ்லி, ஹனஹன் காட்டினார்கள். லாம்பெர்ட் ஆய்வகத்தில் 60 நாளுக்கு 0.05 மில்லிகிராம் வெளிவிடும் வில்லையைத் தோலுக்கடியில் வைத்து ஆறு மாதம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா இல்லாத எலியில் புற்று வரவில்லை. 2009-இல் சங்கும் லாம்பெர்ட்டும் புற்று வந்த எலிக்கு ஃபுல்வெஸ்ட்ரன்ட் அல்லது ராலாக்சிஃபென் (இன்னொரு ஈஸ்ட்ரோஜன் தடுப்பு மருந்து) கொடுத்தார்கள்; பெரும்பாலானவற்றில் புற்று மறைந்தது. 2014-இல் அதே குழுவிலிருந்து அடுத்த கட்டுரை: ராலாக்சிஃபென் நிறுத்தியபின் சில எலிகளில் திரும்ப வருகிறது.

ஆனால் அந்த ஏற்பி எங்கே வேலை செய்கிறது? புற்றுச் செல்லில் அல்ல, அதைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவில். மனிதத் திசுவிலும் நோய் முற்ற முற்ற எபிதீலியச் செல்லிலிருந்து ஆல்ஃபா ஏற்பி மறைகிறது, ஸ்ட்ரோமாவில், அதாவது அந்த இணைப்புத் திசுவில், தங்கிவிடுகிறது என்று 2015-இல் பிஎன்ஏஎஸ் இதழில் வந்தது. தேன்மொழியின் தட்டில் ஸ்ட்ரோமாவே இல்லையே. எலியில் மருந்து பலித்ததும் ஹீலாவில் 1 மைக்ரோமோலாரில் ஒன்றும் நடக்காததும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

#20 சயான்_ஸ்டேஷன்

அப்படியென்றால் 2020-இல் எம்ஸ்பியர் இதழில் வந்த பிரிஸ்டல், மார்கன் குழுவின் கட்டுரையை எங்கே வைப்பீர்கள்? அதில் ஈஸ்ட்ரோஜனே எச்பிவி உள்ள செல்லின் வளர்ச்சியைக் குறைக்கிறது, எல்சிஆரையும் அடக்குகிறது. தடுப்பு மருந்து போட்டால் வளர்ச்சி கூட வேண்டும் அல்லவா?

#21 கதிர்_கார்கர்

அங்கே அவர்கள் பயன்படுத்திய ஈஸ்ட்ரடியால் அளவு மைக்ரோமோலாரில். உடலில் மாதச் சுழற்சியின் உச்சத்திலும் 1, 2 நானோமோலார்தான். உயர் அளவு விளைவைக் குறைந்த அளவு விளைவோடு எதிரெதிர் நிறுத்தவேண்டாம். ஆனால் சார் கேட்டது நல்ல கேள்வி: தேன்மொழி ஈஸ்ட்ரடியாலை ஒரே அளவில் வைக்காமல் 0.1, 1, 10 நானோமோலார், 1 மைக்ரோமோலார் என நான்கு அளவில் போட்டால் கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும்.

மக்கள்தொகை அளவில் ஹார்மோன் தடயம் உறுதியாக இருக்கிறது. 24 ஆய்வுகளைச் சேர்த்து 2007-இல் லான்செட்டில் வந்த கணக்கில், கருத்தடை மாத்திரையை 5 ஆண்டு அல்லது அதற்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து 1.9 மடங்கு; நிறுத்தி 10 ஆண்டில் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. அதில் புரோஜெஸ்டினும் சேர்ந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

#22 வாசுகி

இன்னொரு குழப்பக்காரன் ஜிபிஇஆர். செல் சவ்வில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஃபுல்வெஸ்ட்ரன்டும் 4-ஹைட்ராக்சிடமாக்சிஃபெனும் ஆல்ஃபாவை மறித்துக்கொண்டே இதை முடுக்கும்! ஆல்ஃபா இல்லாத செல்லில் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஏதாவது செய்தால் முதல் சந்தேகம் இதன் மேல். இதை மறிக்கும் ஜி36 1 மைக்ரோமோலார் முன்கூட்டிப் போட்டு விளைவு அடங்குகிறதா பாருங்கள்.

#23 தேன்மொழி_வாஷி

எல்லாருக்கும் நன்றி. புதுத் தட்டு இப்படி வரைந்திருக்கிறேன், திருத்துங்கள். 96 வெல்லில் ஓரம் முழுக்க பிபிஎஸ் உப்புக் கரைசல் 200 மைக்ரோலிட்டர். நடுவில் 60 வெல், 10 நிரல், நிரலுக்கு 6. செல் ஹீலா 1,000, சிஹா 2,000.

நிரல் 2 செல் இல்லாத மீடியம். 3 எத்தனால் 0.1 சதவீதம். 4 ஈஸ்ட்ரடியால் 1 நானோமோலார். 5 4-ஹைட்ராக்சி 100 நானோமோலார். 6 அதுவே 1 மைக்ரோமோலார். 7 அதே 1 மைக்ரோமோலாருடன் ஈஸ்ட்ரடியால் 1 மைக்ரோமோலார். 8 ஃபுல்வெஸ்ட்ரன்ட் 100 நானோமோலார். 9 அதனுடன் ஈஸ்ட்ரடியால் 1 நானோமோலார். 10 டமாக்சிஃபென் 10 மைக்ரோமோலார். 11 அதனுடன் ஈஸ்ட்ரடியால் 1 மைக்ரோமோலார். 72 மணி, எம்டிடி.

#24 பிப்பெட்_பாண்டியன்

நல்ல வரைபடம். 7-ஆம் நிரலும் 11-ஆம் நிரலும்தான் உயிர். போட்டி போட்டு மறிக்கும் மருந்து என்றால் ஈஸ்ட்ரடியாலைக் கொட்டினால் விளைவு மீளும். 11-இல் மீளாது என்று பந்தயம் கட்டுகிறேன். அதற்கு இணையாக எம்சிஎஃப்-7-க்கும் ஒரு தட்டு அன்றே போடுங்கள். அதில் 4-ஆம் நிரல் 3-ஐவிடத் தெளிவாகக் கூடாவிட்டால் சீரம் கழுவுபடவில்லை, ஹீலா தட்டைப் படிக்கவே வேண்டாம்.

திருத்தம் நான்கு.

72 மணி போதாது. ஈஸ்ட்ரோஜன் தடுப்பு செல்லைக் கொல்வதைவிட நிறுத்தி வைக்கும்; வித்தியாசம் தெரிய 6 நாள் வேண்டும். மூன்றாம் நாள் மீடியமும் மருந்தும் புதிதாக.

எம்டிடி மைட்டோகாண்ட்ரியாவின் சுறுசுறுப்பைத்தான் அளக்கும், டமாக்சிஃபென் அங்கேயே கை வைக்கும். எஸ்ஆர்பி (செல்லின் மொத்தப் புரதத்தை அளக்கும் சாயம்) போடுங்கள்: டிசிஏ அமிலம் இறுதி அளவு 10 சதவீதம், 4 டிகிரியில் ஒரு மணி நேரம், தண்ணீரில் நான்கு முறை கழுவி உலர்த்தி, 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 0.4 சதவீத எஸ்ஆர்பி 30 நிமிடம். அசிட்டிக் அமிலத்தில் கழுவி, 10 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 10.5, 510 நானோமீட்டர். இந்த மழையில் தட்டு தானாக உலராது. 37 டிகிரி அலமாரியில் வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் சாயம் ஓரத்தில் வளையமாகத் தங்கும்.

முதல் நாள் செல் ஒட்டியதும் ஒரு தட்டை டிசிஏ போட்டு நிறுத்தி வையுங்கள். தொடக்க எண் இல்லாமல் வளர்ச்சி நின்றதா, செல் செத்ததா என்று பிரிக்க முடியாது.

கடைசியாக, 7, 9, 11 நிரல்களில் இரண்டு குழாயிலிருந்து போடுகிறீர்கள், எத்தனால் 0.2 சதவீதம் ஆகிறது. மற்றவற்றில் 0.1-தான். 3 முதல் 11 வரை எல்லாவற்றையும் 0.2-க்குச் சமன் செய்யுங்கள்.

#25 தேன்மொழி_வாஷி

சமன் செய்துவிட்டேன். சீரம் இன்றிரவு கரியில் ஏறுகிறது. பிளாட் முடிந்ததும் படத்தோடு வருகிறேன்.

#26 மழைக்காலம்

இரண்டாம் சுற்றுக் கரியையும் இன்றே கலக்கி வையுங்கள். நாளை மாலை ஞாபகம் வந்தால் சீரம் இன்னொரு இரவு காத்திருக்கும்.